உரம் போடாத வரிசை

ஆடி மாதம், காலை நேரம். மாடம்பாக்கம் வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து தூளிப் புடவையைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் நிறம், சிவப்புக் கரை. என் மகள் ஹரிணி பிறந்ததிலிருந்து அதில்தான் தூங்கினாள். இப்போது கால் தரையில் இடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். புடவையில் பவுடர் வாசனை மிச்சமிருந்தது. ஒரு மூலையில் இருமல் மருந்து காய்ந்து பிசுக்காக ஒட்டியிருந்தது. ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, இரண்டு கையாலும் இழுத்தால் சர்ரென்று நீளமாகப் பிரிந்து வரும். அந்தச் சத்தம் ஹரிணிக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு முறையும் கைதட்டினாள்.

துணி உலர்த்த வந்த என் மாமியார் அப்படியே நின்றார்.

"இன்னாமே, தூளிப் பொடவையப் போய் கிழிச்சிகினு கீற?"

"செடிக்குக் கட்டறதுக்கு அத்தை."

"ஏன், செடி அழுவுதா?"

நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு நடந்தார். போகும்போது, இன்னொன்று பிறந்தால் எதில் போடுவாய் என்று மட்டும் கேட்டார்.

நான் எதையும் இரண்டு தடவை யோசிப்பவள் என்று இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். அன்று கையில் பாதி கிழிந்த புடவையை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். கிழித்ததை இனிச் சேர்க்க முடியாது என்று தோன்றியதும் மீதியையும் கிழித்தேன்.

டீசல் செடி

அந்தச் செடி காட்டாமணக்கு.

கோயிலுக்குப் போகும் தெருவை ஒட்டி, வீட்டுக்குப் பின்னால், என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொதுவாக ஒரு துண்டு நிலம் இருந்தது. அவர்களுடைய அப்பா காலத்தில் நெல்லும் கீரையும் போட்ட மண். நான் கல்யாணமாகி வந்தபோது சுற்றிலும் வீடுகள் எழும்பி, தண்ணீர் வரும் வழியெல்லாம் அடைபட்டு, முள்ளும் பிளாஸ்டிக் பையுமாகக் கிடந்தது.

அந்த வருடங்களில் எங்கே பார்த்தாலும் காட்டாமணக்குப் பேச்சு. அதன் விதையில் வரும் எண்ணெயை டீசலாக மாற்றி வண்டி ஓட்டலாம் என்றார்கள். தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது என்றார்கள். என் கணவர் ஜெனரேட்டர் பழுது பார்ப்பவர். மாலையில் அவருக்கு முன்னால் டீசல் வாசனைதான் வீட்டுக்குள் வரும். சொந்த நிலத்து எண்ணெயில் ஒரு ஜெனரேட்டர் ஓட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கன்று விற்றவர்கள் விதையைத் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொன்னதும் நட்டுவிட்டார்.

செடி வளர்ந்தது. நன்றாகவே வளர்ந்தது. காய்தான் இல்லை. இரண்டு வருடம் கழித்தும் விதை ஒரு முறத்துக்கு மேல் தேறவில்லை.

என் கணவரின் அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். சேலையூரில் இருக்கிறார், இரும்புக் கடை வைத்திருக்கிறார். பேச்சு உரக்க இருக்கும், மனசு கெட்டதில்லை. அவர் ஒருநாள் வந்து செடிகளுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வேலில நிக்கற செடிய நெலம் பூரா நட்டு வெச்சிகிற. சரி, தை பொறக்கட்டும். அதுக்குள்ள காய் காட்டு, உட்டுடறேன். இல்லாங்காட்டி பிளாட்டு போட்றலாம்."

என் கணவர் அண்ணனை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் தலையை ஆட்டினார். மறுநாள் காலை தோசையைப் பிய்த்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நீ பாட்டனி படிச்சவதானே மதி? ஏன் காய்க்கலன்னு பாரேன்."

கல்யாணமான பிறகு என் படிப்பைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எம்.எஸ்ஸி. சேர இருந்த வருடம் ஹரிணி வயிற்றில் வந்தாள். புத்தகங்கள் பரண் மேல் ஏறிவிட்டன. அன்று மதியம் அவள் தூங்கியதும் ஸ்டூல் போட்டு ஏறினேன்.

வேலிக்கு உரமா?

கிழக்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டை ஒட்டி ஒரு உரக்கடை. இடுப்பில் ஹரிணியோடு போய் நின்றேன். கடைக்காரர் ஒரு பாய். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் பாய்தான், பெயர் தெரியாது. என்ன பயிர் என்று கேட்டார். சொன்னேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேலிக்கு உரம் போடப்போறீங்களா சிஸ்டர்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டாமணக்குக்கு எவ்வளவு போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்றால் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

புத்தகத்தில் படித்தது ஒன்று ஞாபகம் இருந்தது. தழைச்சத்து அதிகமானால் செடி இலையிலேயே செலவழித்துவிடும். பூவுக்கும் விதைக்கும் மணிச்சத்து வேண்டும். ஆனால் அது பொதுவான விஷயம். இந்த மண்ணுக்கு, இந்தச் செடிக்கு எது என்று யார் சொல்வது? நிலத்தில் நான்கு வரிசை இருந்தன. முதல் வரிசைக்குத் தழைச்சத்துக்கு யூரியா மட்டும். இரண்டாவதற்கு மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட், கூடவே மக்கிய சாணம். மூன்றாவதற்கு வெறும் சாணம். தெருவை ஒட்டிய நான்காவது வரிசைக்கு எதுவும் இல்லை.

எந்த வரிசைக்கு என்ன போட்டோம் என்று மறந்துவிடக் கூடாது. அதற்குத்தான் துணி. யூரியாவுக்குப் புடவையின் மஞ்சள், சூப்பருக்குச் சிவப்புக் கரை, சாணத்துக்கு என் கணவரின் பழைய வெள்ளை வேட்டி. நான்காவது வரிசைக்குத் துணியும் கிடையாது.

ஒன்றுமே போடாத வரிசை எதற்கு என்று மாமியாருக்குப் புரியவைக்க முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா என்றேன். எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தால்தானே, செய்ததால் என்ன ஆயிற்று என்று சொல்ல முடியும்?

"நாலு புள்ளைல ஒண்ண மட்டும் பட்டினி போடுவியா நீ?" என்றார்.

அது என்னைக் கொஞ்சம் குத்தியது. பிள்ளைக்கும் செடிக்கும் வித்தியாசம் உண்டு என்று சொல்ல நினைத்துவிட்டு, சாணக் கூடையைத் தூக்கினேன்.

உரம் போட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடியும் கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஹரிணியைத் தூக்கினேன்.

பம்மல் காற்று

இந்த இடத்தில் என் சின்ன வயதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் வளர்ந்தது பம்மலில். அப்பா தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கணக்கு எழுதினார். காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் வீடு முழுக்கத் தோல் நாற்றம்; வேறு பக்கமிருந்து அடித்தால் பக்கத்து வீட்டு மீன் குழம்பு. எந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று மொட்டை மாடியில் நின்று கண்டுபிடிப்பது எனக்கு விளையாட்டு. காற்றின் திசை தெரிய ஈரக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அம்மா கீழே இருந்து, பைத்தியமாடி உனக்கு என்பாள்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் வேலியெல்லாம் காட்டாமணக்கு. இலைக் காம்பை மெதுவாக ஒடித்தால் பால் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். உதட்டைக் குவித்து ஊதினால் குமிழி பறக்கும், சோப்பு நுரை மாதிரி, வெயிலில் நிறம் நிறமாக. சட்டையில் பட்டால் அந்தப் பால் பழுப்புக் கறையாகிவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது. பள்ளிக்கூட நாட்களில் என் வெள்ளைச் சட்டைகள் எல்லாவற்றிலும் அந்தக் கறை உண்டு.

குமிழி ஊதிய வாயால்தான் கல்லூரியில் அந்தச் செடியின் பாடத்தைச் சொன்னேன். காய் விஷம். விதை பார்க்க ஆமணக்கு முத்துக்கொட்டை மாதிரி இருக்கும். ருசி கசக்காது, லேசாக இனிக்கும் என்று எழுதியிருந்தது. அதுதான் ஆபத்து. கசப்பாக இருந்தால் குழந்தை துப்பிவிடும். இனித்தால்?

அப்போது அது பரீட்சைக்கான விஷயம். இப்போது என் வீட்டுக்குப் பின்னால் அந்தச் செடி நான்கு வரிசையாக நிற்கிறது, வீட்டுக்குள் எதைக் கண்டாலும் வாயில் போடும் ஒரு குழந்தை இருக்கிறது. ஹரிணி கிணற்றடியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். குறுக்கே பழைய கட்டில் சட்டம் ஒன்றை அடைத்தேன். செடி காய்க்க வேண்டும் என்று உரத்தைப் போட்டுவிட்டு, காய்த்துவிடுமோ என்று பயந்துகொண்டும் இருந்தேன். இரண்டும் ஒரே மனசுக்குள் எப்படி இருந்தன என்று கேட்டால் தெரியாது. இருந்தன.

ஆடி வெள்ளி

உரம் போட்ட அடுத்த வாரம் நல்ல மழை. செடிகளைப் பார்க்கப் போனேன். நான்காவது வரிசையில் ஒரு செடியில் மஞ்சள் துணி.

நான் அங்கே கட்டவில்லை. காற்றில் பறந்து வந்து சிக்கியிருக்கும் என்று பக்கத்தில் போனேன். முடிச்சு போட்டிருந்தது. துணியில் மஞ்சள் பூசி, நுனியில் ஒரு குங்குமப் பொட்டு.

விஷயம் மாமியாரிடமிருந்து ஆரம்பித்திருக்கிறது. கூழ் ஊற்றப் போன பெண்கள் தெருவிலிருந்து பார்த்து, செடியில் என்ன துணி என்று கேட்டிருக்கிறார்கள். மருமகள் உரம் போட்டு அடையாளம் வைத்திருக்கிறாள் என்று சொல்ல அவருக்கு வெட்கம். வேலிச் செடிக்கு உரமா என்று சிரிப்பார்களே. "பேத்தியோட தூளிப் பொடவ. மருமவ கட்டிச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆடி மாதம், மஞ்சள் துணி, தூளிப் புடவை, கோயிலுக்குப் போகும் வழி. கேட்டவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை நான்கைந்து துணிகள் இருந்தன. ஒன்று கைக்குட்டை அளவு தூளி, அதற்குள் குழந்தைக்குப் பதிலாகக் கூழாங்கல். செடியின் அடியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய ஈரம். பிறகு பால். பிறகு கூழ். எல்லாம் தெருவிலிருந்து கை எட்டுகிற நான்காவது வரிசைக்கே கிடைத்தது. ஒன்றும் போடாத வரிசை என்று எதை நான் ஒதுக்கி வைத்தேனோ, அதற்கே.

சொல்லிவிடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை தெருப்பக்கம் போய் நின்றேன். கீழ்க்கட்டளையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிளையைப் பிடித்திருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அடுத்த முறை, சிரித்துப் பேசியபடி வந்த இரண்டு பேரிடம் தைரியமாகச் சொன்னேன். வேண்டுதல் எல்லாம் இல்லை அக்கா, உரம் போட்டதற்கு அடையாளம்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"தெரியும்மா. வேண்டிகினத வாய் உட்டுச் சொன்னா பலிக்காது. நீ சொல்லாத."

துணிகளை அவிழ்த்துவிடலாமா என்று வீட்டில் கேட்டேன். மாமியார் அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தார்.

"அடுத்தவங்க முடிச்ச நாம அவுக்கறதா? நல்லா கீதே கதை."

எனக்கும் கை வந்திருக்காது.

பூ எங்கே வருகிறது?

மழைக்காலம் நெருங்கியபோது வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது.

யூரியா வரிசை என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. இலை ஒவ்வொன்றும் கரும்பச்சையாக, விசிறி மாதிரி. பூவைத் தேட வேண்டியிருந்தது. புத்தகம் பொய் சொல்லவில்லை. சூப்பரும் சாணமும் போட்ட வரிசையில் கிளை நுனிதோறும் மஞ்சள் கலந்த பச்சையில் சின்னப் பூங்கொத்துகள். சாணம் மட்டும் போட்டது நடுவில் நின்றது.

நான்காவது வரிசை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

குட்டையாக, புதராக, கிளைக்குக் கிளை பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் பூ. பகலில் தேனீ சத்தம் கிணற்றடி வரை கேட்டது. நான் ஹரிணியை மாமியாரிடம் விட்டுவிட்டு அந்த வரிசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டே இருந்தேன். என்ன நடந்தது?

பாலா? கூழா? தினமும் யாராவது ஊற்றிய ஒரு சொம்புத் தண்ணீரா? பக்கத்தில் போய்ப் பார்த்ததும் இன்னொன்று கண்ணில் பட்டது. துணி கட்டக் கிளையை வளைத்தபோது பல நுனிகள் ஒடிந்திருந்தன. ஒடிந்த இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று புதுக் கிளைகள். புதுக் கிளை என்றால் புது நுனி, புது நுனி என்றால் பூ. அப்படியானால் உரமே வேண்டாமா, கவாத்துதான் வேண்டுமா? இல்லை, தெருப்பக்கம் வெயில் அதிகமா? மனசு இங்கும் அங்கும் ஓடியது. பல நாட்களுக்குப் பிறகு பம்மல் மொட்டை மாடியில் ஈரக் கைக்குட்டையோடு நின்ற மாதிரி இருந்தது. குழம்பு அடுப்பில் தீய்ந்து வாசனை வந்த பிறகுதான் உள்ளே ஓடினேன்.

என் கணவருக்குக் காரணம் முக்கியமில்லை. காய் பிடித்ததும் வேலையிலிருந்து வந்த சட்டையோடு நேராக அங்கே போய்விடுவார். கொத்தைக் கையில் ஏந்திப் பார்ப்பார். அண்ணன் வந்ததும் முதலில் இந்த வரிசையைத்தான் காட்ட வேண்டும் என்றார்.

"அதுக்கு நாம ஒண்ணுமே போடலைங்க."

"காய்ச்சிருக்கில்ல?"

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஹரிணி பிறந்த அன்றுதான் பார்த்திருந்தேன்.

மஞ்சள் காய்

கார்த்திகை. மழை விட்டு வெயில் அடித்த ஒரு வெள்ளிக்கிழமை. நான்காவது வரிசையில் காய்கள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற ஆரம்பித்திருந்தன. சின்ன எலுமிச்சம்பழம் மாதிரி, கொத்துக் கொத்தாக, குழந்தையின் கை எட்டும் உயரத்தில்.

கிணற்றடியில் ஹரிணிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். தெருப்பக்கம் ஒரு பெண் துணியை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு பையன், ஹரிணியைவிடச் சற்றுப் பெரியவன். அவனுக்குப் பேச்சு வராததற்காக வேண்டிக்கொள்ள வந்தாளாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நான் பார்த்தது அவன் கன்னத்தைத்தான். ஒரு பக்கம் உப்பியிருந்தது.

கட்டில் சட்டத்தை எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. அவன் தாடையைப் பிடித்து விரலை வாய்க்குள் விட்டேன். அவன் கடித்தான். மஞ்சள் காய் வெளியே வந்து என் உள்ளங்கையில் விழுந்தது. தோலில் சின்னச் சின்னப் பல் தடம். உள்ளே உடையவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடையவில்லை.

பையன் வீறிட்டான். அவன் அம்மா அவனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னாக்கா நீ, புள்ள வாயில கைய உடற?"

"காய் விஷம். முழுங்கியிருந்தா வாந்தி வரும், வயித்தால போகும், ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

"சாமிச் செடில விஷமா?"

"சாமிச் செடி இல்லம்மா. டீசல் செடி."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் என்னையும் கையிலிருந்த காயையும் பார்த்தாள். கட்டிய துணியையும் பார்த்தாள். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்துவிட்டாள்.

வாய் கொப்பளிக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. அடுத்த வாரம் கோயில் தெருவில் அவர்களைப் பார்க்கும் வரை அந்தப் பையன் என் தலைக்குள்ளேயே இருந்தான்.

அன்று மற்றதையும் யோசித்தேன். போர்டு எழுதி வைக்கலாம். கண்ணை மூடி வேண்டுகிறவர்கள் போர்டைப் படிப்பார்களா? மூங்கில் தட்டி அடைக்கலாம். தட்டிக்கு வெளியே கிளை நீளும், காய் தெருவில் உதிரும். தை வரை நானே காவல் நிற்கலாம். ஹரிணியை யார் பார்ப்பார்கள்? ஒவ்வொன்றையும் யோசித்து, ஒவ்வொன்றிலும் ஓட்டை கண்டுபிடித்து, கடைசியில் பிளாஸ்டிக் பேசினை எடுத்துக்கொண்டு போனேன்.

பழுத்தது, பழுக்காதது, இளசு, எல்லாவற்றையும் பறித்தேன். பூங்கொத்தைக்கூட விடவில்லை. முடிச்சுகளைத் தொடாமல், துணிகளை விலக்கி விலக்கிப் பறித்தேன். பால் வடிந்து புடவை முழுக்கக் கறை.

பாதி வரிசை முடிந்தபோது எதிர்ப்பக்கத்தில் கை தெரிந்தது. மாமியார். தூங்கிய ஹரிணியை உள்ளே கிடத்திவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரும் பறித்துக்கொண்டிருந்தார். பிறகு காயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அரிசி கயுவுன தண்ணிய நான்தான் டெய்லியும் இதுக்கு ஊத்திகினு இருந்தேன். இதுக்கு மட்டும் ஒண்ணுமே போடலியே, பாவமா இருந்திச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அவரும் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே மீதியையும் பறித்தோம்.

மாலையில் என் கணவர் வந்தார். பேசினில் குவிந்திருந்த பச்சைக் காய்களுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஒரு காயை எடுத்துப் பிளந்தார். விதை வெளுப்பாக, நீர் கோத்து இருந்தது. விரலில் நசுக்கித் தேய்த்துப் பார்த்தார்.

"எண்ணெய் ஏறல."

"தெரியும்."

காயைப் பேசினிலேயே போட்டார். எழுந்து போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். ஒருமுறை கழுவிவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, இன்னொரு முறையும் கழுவினார். பிறகு தூங்கும் ஹரிணியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

தை பிறந்ததும்

மாமா சொன்னபடி வந்தார். சிவப்புத் துணி வரிசையில் கிடைத்த விதையைத்தான் காட்டினோம். அரை மூட்டை. நாங்கள் அதுவரை பார்த்ததில் அதுதான் அதிகம், ஆனால் நிலத்தைக் காப்பாற்றுகிற அளவு இல்லை. மாமா விதையைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு உதிர்த்தார். கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. தம்பி தோளில் ஒருமுறை கையை வைத்துவிட்டு எடுத்தார்.

பிளாட் போட ஜேசிபி வந்தது. மூன்று வரிசையும் மதியத்துக்குள் போயிற்று. நான்காவது வரிசைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கிவிட்டார். துணி கட்டியதைத் தன்னால் தொட முடியாது என்றார். மாமா செடிக்குப் பக்கத்தில் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனார்.

"இது ரோட்டோரம்தானே, இருந்துட்டுப் போவட்டும்."

"வேணாம் மாமா. முதல்ல எடுக்க வேண்டியது இதுதான்."

"நீதானேம்மா செடி வேணும்னு நின்ன?"

"இப்ப நான்தான் வேணாங்கறேன். சித்திரை போனா மறுபடி பூக்கும். குழந்தைங்க வர்ற இடம்."

"அதெல்லாம் சரி. முடிச்ச யார் அவுக்கறது?"

செடி வேண்டாம் என்றவர் செடிக்காகப் பேசினார். வேண்டும் என்று நின்ற நான் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தெரு திரும்பும் இடத்தில் ஒரு புங்க மரம் இருந்தது. அதன் விதை நாக்கில் வைக்க முடியாத கசப்பு. எந்தக் குழந்தையும் துப்பிவிடும். அவரவர் முடிச்சை அவரவரே அவிழ்த்துப் புங்க மரத்தில் கட்டிக்கொள்ளட்டும் என்றேன். மாமா என் மாமியாரைப் பார்த்தார். மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, சாமி இடம் மாறினால் என்ன, கட்டினவள் மாறாமல் இருந்தால் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை பெண்கள் வந்தார்கள். விஷயம் எப்படியோ பரவியிருந்தது. முதலில் வந்தது அந்தப் பையனின் அம்மா. தன் துணியை அவிழ்த்துக்கொண்டு புங்க மரத்துக்கு நடந்தாள். பையனைத் தரையில் இறக்கவே இல்லை. கீழ்க்கட்டளைப் பெண்ணும் வந்தாள். யாரும் தேடி வராத துணிகள் சில மிஞ்சின. அவற்றை மாமியாரே எடுத்துப் போய்க் கட்டினார். "பேரு தெரியலப்பா, நீயே பாத்துக்க" என்று மரத்திடம் சொன்னார்.

சுண்ணாம்புக் கோடு

இப்போது அந்த இடத்தில் வீடுகள். ஹரிணி எல்.கே.ஜி. போகிறாள். ஸ்கூல் வேனுக்குப் புங்க மரத்தடியில்தான் நிற்போம்.

புங்க விதையிலும் டீசல் எடுக்கலாம் என்று என் கணவர் அவ்வப்போது சொல்வார். நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஆனால் சென்ற சித்திரையில் காய் உதிர்ந்தபோது ஒன்று கவனித்தேன். தெருப்பக்கம், துணி கட்டிய கிளைகளுக்குக் கீழே, குவியலாகக் கிடந்தது. மரத்தின் மறுபுறம், மதில் பக்கம் அவ்வளவு இல்லை. தண்ணீரா, பாலா, ஒடிந்த நுனியா? எத்தனை தடவை தலையை உதறினாலும் கேள்வி போகவில்லை.

போன வாரம் மதில் பக்கத்துப் பெரிய கிளை ஒன்றில் கைக்கு எட்டிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வந்தேன். அது ஒப்பிடுவதற்கான பக்கம். அங்கே யாரும் எதுவும் ஊற்றுவதில்லை. துணி கட்டவில்லை, அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. வீட்டில் சொன்னதும் மாமியார் கீரையை ஆய்ந்தபடியே, சுண்ணாம்பு வைத்தாயா, சரி பார்க்கலாம் என்றார்.

மறுநாள் காலை வேனுக்காக நின்றபோது ஹரிணிதான் கையை நீட்டிக் காட்டினாள். வெள்ளைக் கோட்டின் மேல் வரிசையாகக் குங்குமப் பொட்டு. குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.